பெயர் நீக்கம்

சமூகப்பணி முதுகலைப் பட்டத்துக்காக நான் எழுதிக் கொடுத்த களப்பணி ரெக்கார்டு நோட்டில் ஒரு கிழவி தன் மகனை மன்னிக்கிறாள். மகன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறான். அவளுக்கு முதியோர் உதவித்தொகையும் வந்துவிடுகிறது. இதில் எதுவும் நடக்கவில்லை. கிழவி உண்டு, மகனும் உண்டு. மன்னிப்பு, அழுகை, பணம் மூன்றும் திருவானைக்காவலில் நான் குடியிருந்த வாடகை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதியவை. எங்கள் பேட்ச்சில் நல்ல மதிப்பெண் வாங்கிய நோட்டுகளில் அதுவும் ஒன்று. அந்தப் பட்டத்தைக் காட்டித்தான் வேலைக்குச் சேர்ந்தேன், இன்றுவரை சம்பளம் வாங்குகிறேன்.

2012-ல் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் இருந்தேன். படித்தது பி.காம். எங்கள் கவுன்டருக்கு நேர் எதிரே மருத்துவ சமூகப்பணியாளரின் அறை. பணம் கட்ட முடியாதவர்கள் என்னிடம் கத்திவிட்டு அந்த அறைக்குள் போவார்கள். வெளியே வரும்போது கும்பிட்டுக்கொண்டே வருவார்கள். அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று தோன்றியது. தொலைதூரக் கல்விக்கான விண்ணப்பத்தில் சேவை மனப்பான்மை என்று எழுதினேன். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறோம்.

வேலையை விடாமல் படிக்கலாம், இரண்டு ஆண்டுப் படிப்பு, முடியாவிட்டால் இழுத்துக்கொண்டும் போகலாம். புத்தகங்கள் பார்சலில் வந்தன. சனி, ஞாயிறுகளில் ஒரு கல்லூரியில் காண்டாக்ட் வகுப்பு. பெஞ்சுகளில் விதவிதமான ஆட்கள். ஒரு போலீஸ்காரர், ஒரு கன்னியாஸ்திரி, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பில் வேலை பார்த்த ஒரு பெண், மணப்பாறைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். தொழிற்சாலைகளின் பர்சனல் பிரிவிலிருந்தும் சிலர் வந்தார்கள். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது அப்போது நடப்பில் இருந்த 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். அந்த நாற்காலி அவர்களுக்கு வேண்டும். ஆக, நாற்காலி தேடி வந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. இதைச் சொல்வது என் பாரத்தைப் பங்கு போடுவதற்காக இல்லை. அந்த அறையில் உண்மையாக வேலை செய்தவர்களும் இருந்தார்கள், அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் படிப்பில் புத்தகம் பாதிதான். மீதி களப்பணி. இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி தொடங்கிய விதமே அப்படி. பம்பாயில் நாக்பாடா என்ற நெரிசலான தொழிலாளர் பகுதியில் அக்கம்பக்கத்து மக்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கர்தான், 1936-ல் டாட்டா அறக்கட்டளை தொடங்கிய சமூகப்பணிப் பள்ளிக்கு முதல் இயக்குநர். தெருதான் முதலில் வந்தது, வகுப்பறை பிறகு. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கிய பள்ளியும் அதே வழியில் வந்தது. நேரடியாகக் கல்லூரியில் படிப்பவர்கள் இன்றும் வாரத்தில் இரண்டு நாள் களத்துக்குப் போகிறார்கள். மருத்துவமனை, சிறுவர் இல்லம், குடிசைப் பகுதி என்று எங்காவது அனுப்புவார்கள். திரும்பி வந்து நடந்ததை எழுத வேண்டும். யார் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய், அப்போது உன் மனதில் என்ன ஓடியது என்று விடாமல் எழுத வேண்டும். வாரம் ஒரு முறை ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, எதிரே உட்கார வைத்துக் குடைவார். அந்தக் குடைச்சலில்தான் பாதிப் படிப்பு நடக்கிறது என்று கல்லூரியில் படித்த நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

எங்களுக்கு விதி அதேதான், நடைமுறை வேறு. நிறுவனத்தை நாமே பிடிக்க வேண்டும். அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். விடுமுறை நாட்களில் போய், எழுதி, அங்குள்ளவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். அவருக்கு எங்களைப் போல ஒரு பெஞ்சுக் கூட்டம் இருந்தது. வேறு எங்கோ முழுநேர வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் அவர். நல்ல மனிதர். நான் போனேனா இல்லையா என்று கண்டுபிடிக்கும் வழி அவரிடம் இல்லை.

நண்பன் ஒருவனின் உறவினர் லால்குடி சாலையில் ஒரு முதியோர் இல்லத்தில் மேலாளராக இருந்தார். "வாங்க தம்பி, நம்ம இடம்தானே" என்றார். முதல் ஞாயிறு போனபோது சமையல்கட்டுக்கு வெளியே நிழலில் ஒரு பாட்டி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முறத்தில் வெங்காயம், மடியில் தோல். நான் நோட்டைத் திறந்துகொண்டு எதிரே உட்கார்ந்தேன். ஒரே ஒருவரின் பிரச்சினையை எடுத்துக்கொண்டு செய்யும் தனிநபர் பணிக்கு ஒரு ஆள் தேவை. கண்ணில் பட்ட முதல் ஆள் அவர். அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன்.

நான் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார்.

"கவர்மென்டு ஆளா தம்பி?"

"இல்லை பாட்டி. படிக்கிறேன்."

"படிச்ச புள்ளைதானே. ஒரு வேலை செஞ்சு குடு. எம் மவன் கார்டுல எம் பேரு இருக்கு. அதுலேருந்து என் பேரை எடுத்துக் குடுக்கணும்."

மகன் டிராக்டர் ஓட்டுகிறவர். லால்குடிக்கு அப்பால் ஒரு கிராமம். வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்டேன், புத்தகத்தில் படித்த குரலில், மெதுவாக. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. நடந்தது நடந்துவிட்டது, அதைப் பேசி என்ன ஆகப்போகிறது என்பது போல வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மகனோட ஒரு தடவை பேசிப் பார்க்கலாமே பாட்டி?"

"என்னத்தைப் பேச? எம் பங்கு அரிசியையும் அவன்தான் வாங்கித் திங்கிறான். பேரை எடுத்துட்டா எனக்குத் தனிக் கார்டு போட்டுக்கலாம். தனிக் கார்டு இருந்தா முதியோர் பணத்துக்கு எழுதிப் போடலாம். புள்ளை கூட இருக்கான்னு இருந்தா மனு நிக்காதாம்ல. அவன் வேணாம் தம்பி. கார்டு போதும்."

இவ்வளவு தெளிவாகத் தன் தேவையைச் சொன்னவர்களை என் பணிக்காலத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தக் கிழவிக்கு விவரம் தெரியும். முதியோர் உதவித்தொகை ஆதரவற்றவர்களுக்கானது. 2011-ல் அது மாதம் 1000 ரூபாயாக ஆகியிருந்தது. மகனுடைய ரேஷன் கார்டில் பெயர் இருக்கும்வரை, அரசுக் காகிதத்தின்படி அவர் மகனின் குடும்பத்தில் ஓர் அங்கம்; அவன் ஆதரவில் இருப்பவர். அந்த ஆண்டிலிருந்தே ரேஷனில் அரிசி விலையில்லாமல் கொடுத்தார்கள், ஆகவே அவர் பெயரை எடுப்பதில் மகனுக்கு அவசரம் எதுவும் இருந்திருக்காது. யாராவது போய் அந்த ஆளிடம் பேசிக் கார்டை வாங்கி, வட்ட வழங்கல் அலுவலகத்தில் பெயர் நீக்கச் சான்று பெற்று, தனிக் கார்டுக்கு எழுதிக் கொடுத்து, பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தார் என்று ஏறி இறங்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் ஆகக்கூடிய காரியம். சமூகப்பணி என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

சுருக்குப் பையிலிருந்து மடித்த துண்டுக் காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுத்திருந்த ரேஷன் கார்டு எண். "வச்சுக்க. வர்ற ஞாயிறு வந்துரு" என்றார். வந்துவிடுகிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு காண்டாக்ட் வகுப்பு. அதற்கடுத்தது ஒரு கல்யாணம். இவை நான் மற்றவர்களிடம் சொல்லி வந்த காரணங்கள். என் மனைவிக்கும் இவைதான் தெரியும். உண்மையான காரணம் கூச்சம். தெரியாத ஊரில் தெரியாத ஒருவன் வீட்டு வாசலில் நின்று, உங்கள் அம்மாவின் பெயரை உங்கள் கார்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. "நீ யாருடா" என்று அவன் கேட்டால் என்ன பதில் சொல்வது? பில்லிங் கவுன்டரில் எனக்கும் ஆட்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருந்தது. அது இல்லாமல் ஒரு மனிதன் முன்னால் நின்று எனக்குப் பழக்கம் இல்லை. ஒரு நாள் கிளம்பத்தான் செய்தேன். லால்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டீ குடித்தேன், கிராமத்துக்குப் போகும் டவுன் பஸ் வந்து நின்றதைப் பார்த்தேன், அது கிளம்பிப் போனதையும் பார்த்தேன். எதிர்ப்பக்கம் போய்த் திருச்சி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கார்டு இல்லாமல் பாட்டியின் முகத்தில் விழிக்க முடியாது என்பதால் முதியோர் இல்லத்துக்குப் போவதையும் நிறுத்தினேன். களப்பணி நாட்களின் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் வாரம் ஒரு முறை திருச்சிக்கு வருவார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு ஜூஸ் கடையில் அவரைப் பிடிப்பேன். எழுதாத பக்கங்களிலேயே வரிசையாகக் கையெழுத்துப் போட்டு, பையில் கொண்டுவந்திருந்த முத்திரையைக் குத்திக் கொடுத்தார். ஒரு முறை, ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அந்தப் பாட்டி உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கு தம்பி" என்றார். பரீட்சை முடியட்டும் என்றேன்.

பிறகு எழுத உட்கார்ந்தேன். அந்த நோட்டு எப்படி உருவானது என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாடத்தில் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்பவரின் ஏழு கோட்பாடுகள் உண்டு. 1957-ல் வந்த அவருடைய நூல் சமூகப்பணி மாணவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஒவ்வொருவரையும் தனித்த மனிதராகப் பார்ப்பது, உள்ளபடி ஏற்பது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, தன் முடிவைத் தானே எடுக்கும் அவர் உரிமையை மதிப்பது, சொன்னதை வெளியே விடாமல் இருப்பது என்று போகும் பட்டியல். நோட்டில் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கோட்பாடு வரும்படி அமைத்தேன். எந்தச் சந்திப்பில் எது என்று முதலில் தனித்தாளில் குறித்துக்கொண்டு, பிறகு பாட்டியை அதற்குள் நடக்க விட்டேன். முதல் சந்திப்பில் தயங்கினார். இரண்டாவதில் பேசினார். மூன்றாவதில் அழுதார். இந்த அழுகைக்கு மட்டும் ஓர் ஆதாரம் உண்டு: உண்மையிலேயே அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டுதான் இருந்தது, அது வெங்காயத்தால் வந்தது. எழுதும்போது முறத்தையும் வெங்காயத்தையும் எடுத்துவிட்டேன். கண்ணீர் மிச்சம் இருந்தது. நாங்கள் மௌனமாக உட்கார்ந்திருந்ததாகவும், அந்த மௌனத்தை நான் கலைக்கவில்லை என்றும் எழுதினேன். மேற்பார்வையாளர் அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று போட்டிருந்தார்.

நான்காவது சந்திப்பில் மகன் வீட்டுக்குப் போனேன். நோட்டில் போனேன். டிராக்டர் வாசலில் நின்றது, திண்ணையில் நெல் மூட்டை, மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் முதலில் முறைத்தான், பிறகு தலையைக் குனிந்தான். எவ்வளவு சுலபமாக அந்த வாசலில் நான் நிற்கிறேன் என்று இப்போது படித்தால் தெரிகிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி ஓடிவந்தவன் எழுதியது அது. கடைசிச் சந்திப்பில் தாயும் மகனும் சேர்ந்தார்கள். அதற்கு அடுத்த மாதம் உதவித்தொகைக்கு உத்தரவு வந்தது. ரேஷன் கார்டு எண்ணையும் இணைப்பில் எழுதினேன், பார்ப்பதற்கு உண்மை போல இருக்கும் என்று. ரகசியம் காத்தல் என்ற கோட்பாட்டை விளக்கியிருக்கும் பக்கத்துக்கு இரண்டு பக்கம் தள்ளி, அவருடைய கார்டு எண் இருக்கிறது.

இந்த நோட்டின் பெரிய ஓட்டை எதுவென்று எனக்கே வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது. மகன் வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறான். மறு மாதம், ஆதரவற்றவர் என்று சொல்லித் தாய்க்கு உதவித்தொகை வருகிறது. விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அடிபட்டுப்போகும் கதை. ஒரே ஒரு முறை தாலுகா அலுவலக வராந்தாவில் நின்றிருந்தால்கூட அப்படி எழுதியிருக்க மாட்டேன். வெங்காயம் உரித்த பாட்டிக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. நோட்டைத் திருத்தியவருக்கும் தெரியவில்லை. வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியருக்கும் தெரியவில்லை. அவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "முதல் மாசப் பணத்துல பாட்டி என்ன வாங்கினாங்க?" என்று கேட்டார். உண்மையிலேயே ஆர்வமாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். "மூக்குக் கண்ணாடி சார், பழசு உடைஞ்சிருந்தது" என்றேன். யோசிக்கவே இல்லை. அவர் சிரித்துத் தலையை ஆட்டினார். எனக்கும் அந்த நொடியில் கண்ணாடி போட்ட பாட்டி கண்முன் தெரிந்தார், சந்தோஷமாகக்கூட இருந்தது.

போகாமல் போனதாக எழுதியது மோசடி. அதைவிட என்னை உறுத்துவது வேறு ஒன்று. அவர் கேட்டது பெயர் நீக்கம். நான் எழுதியது குடும்பம் சேர்ந்த கதை. மகன் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரு பெண்ணை, அவள் சம்மதம் இல்லாமல், ஒரு நோட்டுக்குள் வைத்து அவனை மன்னிக்கச் செய்தேன். மன்னித்தால்தான் கதை முடியும், முடிந்தால்தான் மார்க். ஒருவேளை நான் உண்மையாகவே போயிருந்து வேலையைத் தொடர்ந்திருந்தாலும், அவர் காதில் சமாதானம் சமாதானம் என்றுதான் ஓதியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளையோடு சேர்ந்திருக்கும் தாய்தான் நல்ல முடிவு என்று சினிமாவும் சொந்தபந்தமும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன. பீஸ்டெக் சொன்னது பரீட்சைத் தாளோடு நின்றுவிட்டது.

உண்மையாக வேலை செய்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். அங்கன்வாடி அக்கா அப்படி ஒருவர். அவர் தன் மையத்துக்கு வரும் ஒரு குழந்தையின் குடும்பத்தை எடுத்துக்கொண்டார். குழந்தைக்கு எடை ஏறவில்லை, அப்பா குடிப்பவர், அம்மா செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறவர். மாலையில் மையத்தைப் பூட்டிய பிறகு அந்த வீட்டுக்குப் போய்ப் போய் வந்தார். அவருடைய நோட்டு அழுக்காக இருக்கும், ஒரு பக்கத்தில் சிந்திய மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. பல நாட்களில் 'வீடு பூட்டியிருந்தது' என்ற ஒரே வரி. கடைசிப் பதிவு, குடும்பம் சூளைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டது, எந்த ஊர் என்று பக்கத்து வீட்டில் தெரியவில்லை என்பது. மேற்பார்வையாளர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "முடிவு இல்லையேம்மா. டெர்மினேஷன்னு ஒரு பகுதி எழுதணும். கேஸ் எப்படி முடிஞ்சுதுன்னு காட்டணும்." அவர், "முடியலையே சார்" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவருக்கு என்னைவிடக் குறைவான மதிப்பெண். மதிய இடைவேளையில், பட்டியலை எப்படி அமைப்பது என்று நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கப் போனதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. அவர் கேட்டுக்கொண்டார், எதையும் மாற்றவில்லை.

பட்டம் வந்தது. அப்போது வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் போல, மருத்துவருக்கு மெடிக்கல் கவுன்சில் போல, சமூகப்பணியாளரைப் பதிவு செய்து தட்டிக் கேட்க ஓர் அமைப்பு கிடையாது. சான்றிதழ் இருந்தால் போதும். ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் வேலை கிடைத்தது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருபவர்களிடம் சோதனைக்கு முன்னும் பின்னும் பேச வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால். எங்கள் மாநிலத்தில் இந்த வேலைக்கு ஒரு மரபே உண்டு. நான் பார்த்த மூத்த ஆலோசகர்களில் சிலர் அறைக்குள் நுழையும் ஆளின் நடையை வைத்தே எப்போது பேச வேண்டும், எப்போது தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அறிந்தவர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுத.

சேர்ந்த சில வாரங்களில், ஒரு பெண்ணிடம் முடிவைச் சொல்ல வேண்டி வந்தது. சொன்னேன். அழுவார் என்று எதிர்பார்த்து, மேசையில் டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தேன். மௌனத்துக்கும் தயாராக இருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "எங்க ஊருக்கு மூணரைக்கு ஒரு பஸ்ஸு இருக்கு சார், அதை விட்டா ஆறு மணிக்குத்தான். போகலாமா?" என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் பட்டியலில் பஸ் இல்லை. கூட்டு மருந்து சிகிச்சை மையத்துக்கு எழுதிய பரிந்துரைச் சீட்டை நீட்டினேன், வாங்கிக்கொண்டு போய்விட்டார். 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதினேன். அறைக்கு வெளியே வந்து பார்த்தபோது மணி மூன்று இருபது. பஸ் ஸ்டாண்ட் வரை கூட நடந்திருக்கலாம் என்று அப்புறம் தோன்றியது. அந்தப் பெண் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது பிறகு பதிவுகளில் தெரிந்தது. என் திறமை அதில் எதுவும் இல்லை.

வேலை மெல்ல மெல்லப் பழகியது. வாசலில் நிற்கவும் பழகிக்கொண்டேன். சிகிச்சையை விட்டவர்களைத் தேடி வீடுகளுக்குப் போகும் களப் பணியாளர்களோடு போய், திட்டு வாங்கி, நாய் துரத்த ஓடி, ஏழெட்டு வருடத்தில் ஓரளவு ஆளானேன். பொய்ப் பட்டம் வாங்கியவன் வேலைக்கே ஆகமாட்டான் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்தான். கற்றுக்கொண்டேன். என்ன, அந்தச் செலவை என் மேசைக்கு முதலில் வந்தவர்கள் கொடுத்தார்கள். 2013-லேயே ஒரு டிராக்டர்காரனிடம் திட்டு வாங்கியிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும்.

பாட்டியைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. லால்குடி சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த இல்லத்தின் பலகை பஸ்ஸிலிருந்தே தெரியும். மேலாளர் மாறிவிட்டார். ஒரு போன் போட்டால் விவரம் தெரிந்துவிடும், அதனால்தான் போடவில்லை. இப்போது வயது எண்பதைத் தாண்டியிருக்கும், அதுவும் இருந்தால். உதவித்தொகை 2023-ல் 1200 ஆனபோது அலுவலகத்தில் யாரோ செய்தித்தாளை உரக்கப் படித்தார்கள். நான் எழுந்து வெளியே போனேன். அந்தத் துண்டுக் காகிதம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எண் நோட்டில் இருக்கிறது, நோட்டு என் பீரோவில் இருக்கிறது. வேண்டுமென்றால் இன்றைக்குக்கூட அதை வைத்து விசாரிக்கலாம். அதைச் செய்யாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

இத்தோடு முடிந்தால் இது பழைய கதை. முடியவில்லை. சில ஆண்டுகளாக நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைதூரக் கல்வி மாணவர்களுக்குக் களப்பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். சிறிய மதிப்பூதியம் உண்டு. மேசையில் நோட்டுகள் அடுக்கி வைத்திருப்பார்கள். புரட்டினால் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். முதல் சந்திப்பில் தயக்கம், மூன்றாவதில் கண்ணீர், கடைசியில் நன்றி. ஒரே பேனா, ஒரே அழுத்தம், பல மாதத்துப் பதிவுகள் ஒரே ராத்திரியில் எழுதிய மை. குடிகாரர்கள் ஆறு சந்திப்பில் குடியை விடுகிறார்கள். பள்ளியை விட்ட பையன்கள் திரும்பிச் சேருகிறார்கள். ஒருவர்கூடக் கோபப்பட்டு வெளியே போகச் சொல்வதில்லை. யார் வீடும் பூட்டியிருப்பதில்லை.

கையெழுத்துப் போடுகிறேன்.

காரணங்கள் இருக்கின்றன. அந்தப் பையன் பகலில் துணிக்கடையில் நிற்கிறான். அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. திருப்பி அனுப்பினால் ஓர் ஆண்டு போய்விடும், கட்டிய பணமும் போய்விடும். இவை எல்லாம் உண்மையான காரணங்கள், எனக்கு இருந்ததைவிட நியாயமானவை. ஆனால் நான் கையெழுத்துப் போடுவது அவற்றுக்காக இல்லை. "நீங்க போனீங்களா சார்?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். யாரும் கேட்டதில்லை.

போன ஆண்டு ஓர் ஏற்பாடு செய்தேன். அங்கன்வாடி அக்காவின் நோட்டை மனதில் வைத்துச் செய்ததுதான். ஒவ்வொரு நோட்டிலும் காரியம் கைகூடாமல் போன சந்திப்பு ஒன்றாவது இருக்க வேண்டும், அங்கே என்ன தவறியது என்று எழுத வேண்டும், அது இல்லாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டேன். மாணவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அடுத்த முறை எல்லா நோட்டிலும் அந்தப் பக்கம் இருந்தது. ஒரு நோட்டில் வீடு பூட்டியிருந்தது. இன்னொன்றில் கணவன் கதவைச் சாத்தினான். துணிக்கடைப் பையனின் நோட்டில் ஒரு கிழவர், நீ வந்து என்ன கிழிக்கப்போகிறாய் என்று கேட்கிறார், பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறான். நன்றாக வந்திருந்தது. மூன்றாவது சந்திப்பில் வந்திருந்தது. மற்ற நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் மூன்றாவது சந்திப்பில்தான் கைகூடாமல் போயிருந்தது, பேனா மாறவில்லை. பையன் எதிரே நின்றுகொண்டு மணியைப் பார்த்தான், கடைக்குத் திரும்ப வேண்டும் என்றான். 'மிக நன்று' என்று ஓரத்தில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன்.